புதுசு எல்லாம் நல்லதா? வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் மென்பொருள்

 

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. நம் ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் பிள்ளைகளின் சான்றிதழ், ஆதார் நகல், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இப்படிப்பட்ட லேப்டாப்பில்தான் இருக்கின்றன. ஆகவே, அதில் எதை ஏற்றுகிறோம் என்பதில் கவனம் தேவை.

டெபியன், உபுண்டு போன்றவற்றுக்குச் சொந்தமாக மென்பொருள் களஞ்சியம் உண்டு. அங்கிருந்து வருவதை டிஜிட்டல் கையொப்பம் பார்த்த பிறகே கணினி ஏற்கும். கண்ட கண்ட தளத்தில் இறக்கியதற்கு அந்தக் காவல் இல்லை.

டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று கொடுத்தால் பட்டியல் மட்டுமே புதுப்பிக்கப்படும். அடுத்து ‘சூடோ ஆப்ட் அப்கிரேடு’ கொடுத்தால்தான் மென்பொருள் மாறும். முதல் கட்டளையோடு நின்றுவிடாதீர்கள்.

அப்படிச் செய்தும் பதிப்பு எண் பழசாகத் தெரிகிறதா? பயம் வேண்டாம். டெபியனின் நிலையான வெளியீட்டில் பெரும்பாலும் எண் மாறாமலே பாதுகாப்புத் திருத்தங்கள் சேர்க்கப்படும்.

2024 மார்ச் 29 அன்று ஒரு செய்தி உலகையே உலுக்கியது. ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளின் அன்றைய புத்தம்புதிய 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவழி வைத்திருந்தார்கள். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆராய்ந்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனை வெளியீடுகளுக்கு அது வந்துவிட்டது. நிலையான வெளியீட்டை வைத்திருந்தவர்களுக்கு வரவில்லை.

படிப்புக்குப் புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் டெபியனின் ‘பேக்போர்ட்ஸ்’ பகுதியில் முதலில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் ‘ஃபிளாட்பேக்’ முறையில், அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே வெளியிட்டதைப் பாருங்கள்.

லினக்ஸ் வெளியீட்டுக்கே ஆதரவுக் காலம் முடிந்திருந்தால் திருத்தங்கள் வராது. அப்போது லினக்ஸையே மாற்ற வேண்டும். அதற்கு முன் சான்றிதழ்களையும் படங்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ புதுசு ஏற்றப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். “எங்கிருந்து எடுக்கிறாய்? நகல் எடுத்துவிட்டாயா?” என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்.