9 வோல்ட் இருந்தும் ஏன் ரீசெட் ஆச்சு?

காலேஜ் கடைசி வருஷம் நாங்க ஒரு லைன் ஃபாலோயர் ரோபோ செஞ்சோம். சும்மா நிக்கும்போது சென்சார் எல்லாம் சரியா வேலை செய்யும். மோட்டார் சுத்த ஆரம்பிச்சதும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகிடும். புரோகிராம்லதான் தப்புன்னு மூணு ராத்திரி தேடினேன். தப்பு அங்க இல்ல.

போர்டுல இருந்தது 7805 ரெகுலேட்டர். அது 5 வோல்ட் தரும். ஆனா உள்ளே போறது அதைவிட சுமார் 2 வோல்ட் கூடுதலா, அதாவது 7 வோல்ட்டாவது இருக்கணும். மோட்டாருக்கும் அதே 9 வோல்ட் பேட்டரிதான். மோட்டார் கரண்ட் இழுத்ததும் பேட்டரி 7-க்குக் கீழ சரிஞ்சுது. கூடவே அந்த 5-உம் சரிஞ்சுது.

சரி, 12 வோல்ட் கொடுத்தா? மிச்ச 7 வோல்ட்டும் சூடாத்தான் போகும். அரை ஆம்பியர் இழுத்தா 3.5 வாட். ஹீட் சிங்க் இல்லன்னா, சிப் தன்னைக் காப்பாத்திக்கத் தானே ஆஃப் ஆகிடும்.

கடைசில மோட்டாருக்குத் தனி பேட்டரி வச்சோம். வைவாவுக்கு முந்தின ராத்திரி, முதல் தடவையா முழு டிராக்கும் ஓடுச்சு.

அதனால, டேட்டாஷீட்ல அவுட்புட்டை மட்டும் பாக்காதீங்க. குறைஞ்சபட்ச இன்புட், கரண்ட், சூடு, மூணையும் பாருங்க. அடுத்த எபிசோடுல, இவ்வளவு சூடாகாத பக் கன்வெர்ட்டர் பத்திப் பேசலாம்.