கரை யாருடையது? – பிச்சாவரம் இருளர்களும் சுரபுன்னைக் காடும்

(உப்பளத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடற்கரையைக் காக்கும் தன்னார்வலர்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அந்தச் சொல்லிலேயே எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்குகிறவர் தன்னார்வலர். மற்ற ஆறு நாளும் அதே குப்பையை அள்ளுகிற நம்ம தெரு அம்மா துப்புரவுத் தொழிலாளி. அவருக்குப் பேப்பரில் படம் வருகிறது, இவருக்குக் கூலியே ஒழுங்காக வருவதில்லை. மாணவர்கள் கடற்கரைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாப் போங்க. ஆனா கரையை உண்மையிலேயே மீட்டவங்க யாருன்னு தேடினா, சான்றிதழோ பதக்கமோ இல்லாத வேறு ஆட்கள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

இங்கிருந்து தெற்கே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம். சினிமாக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் படகில் சுற்றிப்பார்க்கும் சுரபுன்னைக் காடு. அதை ஒட்டிக் கிள்ளைப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். நகர் என்று இருளர் குடியிருப்பு ஒன்று உண்டு. இருளர் என்றதும் நம் இயக்க நினைவில் வருவது பொய் வழக்கும் காவல் நிலையமும்தான். கடலோர இருளர்களை நாம் அதிகம் பேசியதில்லை. படகு கிடையாது, வலை கிடையாது. பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த மக்கள்.

அந்தக் காடு அழிந்துகொண்டே வந்தது. பழி யார்மேல் விழுந்தது? விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள் என்று சுற்றியிருந்த ஏழைகள்மேல். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஆய்வு செய்தபோது வேறு கதை வெளிவந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொட்டையாக வெட்டி விற்பது என்ற முறையை அரசே நடத்தியிருக்கிறது. மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து, மண் காய்ந்து, பள்ளமாக அமுங்கியது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிப்போனது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்காது. காட்டைக் கொன்றது அரசாங்கக் கோடரி. குற்றவாளிக் கூண்டில் நின்றது சேரியும் குப்பமும்.

வியாதி என்னவென்று தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன் முள்ளைப் போல, நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல்நீர் பழையபடி போய்வர, உப்பு இறங்கியது. கரைகளில் வெண்கண்டலும் சுரபுன்னையும் நட்டார்கள். திட்டம் நிறுவனத்தோடது, நிலம் வனத்துறையோடது, சேத்துல இறங்கினது கிராமத்து ஜனங்க. எம்.ஜி.ஆர். நகர் இருளர்களும் அதில் உண்டு. 1986க்கும் 2002க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2003இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. காட்டின் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருப்பதாக அது சொல்கிறது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வெறும் நாற்று மட்டும் நடவில்லை. பழங்குடிச் சான்றிதழுக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், படகுக்கும் வலைக்கும் சேர்த்தே முயற்சி நடந்தது. வங்கியில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன்: கையில் ஒரு காகிதம் இல்லாத மனிதனுக்காக எந்தக் கோப்பும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராது. நம் புதுச்சேரியில் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2016இல்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மரக்கூட்டத்துக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, முன்னால் இருந்தவை அழிந்தன என்று 2005இல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை சொன்னது. கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் மேடும்கூடக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். எந்த ஆய்வும் தேவைப்படாத உண்மை ஒன்று உண்டு. நாகப்பட்டினத்தில் அழுகிய பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். நிவாரணம் பங்கிடும்போது பல இடங்களில் தலித்துகளும் இருளர்களும் வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். காடு அலையைத் தடுக்கலாம். சாதியைத் தடுக்காது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே மறிக்கப்பட, வடக்கே நகரத்தின் மணற்கரை கரைந்து கருங்கல் குவியலானது. பிறகு 2018–19இல் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணல் மீண்டது. சுற்றுலாவுக்கு அந்த மணல் வேண்டும், சரி. உப்பளத்துக்குப் பக்கத்திலேயே, தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் மிஞ்சியிருக்கும் சுரபுன்னைக்கு அந்த அக்கறையில் எத்தனை பங்கு? அங்கே நண்டும் இறாலும் தடவுகிறவர்களிடம் யார் போய்க் கேட்டது?

2023இல் ஒன்றிய அரசு 'மிஷ்டி' என்ற திட்டத்தை அறிவித்தது. 9 மாநிலங்கள், 4 ஒன்றியப் பிரதேசங்களில் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் இந்தக் காடு வளர்ப்பதாகச் சொன்னார்கள். நாற்று நட நம்மைக் கூப்பிடுவார்கள். போவோம். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போவோம். காட்டுக்குள் இருக்கும் நீர்நிலைகளில் மீனும் பிற நீர்ப்பொருளும் எடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. பழங்குடிகளுக்கு ஒரு விதி. காட்டை நம்பி வாழும் தலித்துகள் உள்ளிட்ட மற்றவர்களோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். தாத்தன் பெயரில் ரேஷன் கார்டுகூட இல்லாதவன் எதைக் காட்டுவான்? வயசான பெரியவங்க சொல்றதை எழுதி வாங்குறது, பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்கிறது, கிராம சபையில் மனுவாக வைக்கிறது – படித்த பிள்ளைகளுக்கு இதுதான் தன்னார்வ வேலை.

1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் கை நனைத்தது தாகத்துக்காக அல்ல. பொதுவில் இருக்கும் நீர்மேல் நமக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டத்தான். கழிமுகத்துத் தண்ணீரும் பொதுநீர்தான். கூலியும் உரிமையும் முடிவெடுக்கும் இடமும் கேட்டுத்தான் நாம் அந்தச் சேற்றில் இறங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நம் கையில் நாற்றைக் கொடுத்தால், அதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: வெட்டி வேலை.