மருந்துறையும் மாடத்து வெயிலும்



தார்நாக்காவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மைப் போலவே தமிழ் மண்ணிலிருந்து இங்குக் குடிபெயர்ந்து வந்ததாகும். 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், 1958-இல் ஐதராபாத்தை அடைந்தது. அந்நிறுவனம் 2020-இல் வகுத்தவாறு, வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டும் வைட்டமின் டி 600 அலகு, மேல்வரம்பு 4,000.

மருந்துக்கடையில் கிடைக்கும் சிற்றுறையிலோ 60,000 அலகு உண்டு. குறைபாடுடையோர்க்கு வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுப்பது பெருவழக்கு. நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர், சீட்டைத் தவறாகப் படித்து, அதனை நாள்தோறும் பாலில் கலந்து பருகினார். சத்துப்பொருள்தானே, மிகுந்தால் என்ன என்பது அவர் எண்ணம். 40 நாளில் 24 இலட்சம் அலகு! பசி அற்றது, குமட்டல், மலச்சிக்கல், தீராத தாகம். இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்தார். பேரன் பெயரையும் மறந்தார். முதுமை என்றே நாமும் வாளாவிருந்தோம். அது நம் பிழை. குருதியைச் சோதித்தபோதுதான் சுண்ணச்சத்து மிகுந்திருப்பதும் சிறுநீரகம் தளர்ந்திருப்பதும் தெரிந்தன.

பி, சி வைட்டமின்களில் மிகுந்தவை பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும். டி அவ்வாறன்று, கொழுப்பில் தங்கி, குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணச்சத்தைக் குருதியில் சேர்த்துக்கொண்டேயிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் குழந்தைப் பாலுணவில் இதனை மிகுதியாகச் சேர்த்தனர். பச்சிளங் குழந்தைகள் பலர்க்கு இந்நோய் வரவே, 1957-இல் அளவைக் குறைத்தனர். மாடத்து வெயிலில் இவ்வச்சமில்லை. மிகுந்ததைத் தோலே வேறு பொருளாக மாற்றிவிடும்.

நோய் தெரிந்ததும் முதற்செயல் நிறுத்துவதே. டி-யை மட்டுமன்று, சுண்ணச்சத்து மாத்திரைகளையும் நிறுத்தவேண்டும். அவற்றுள் பலவற்றிலும் டி மறைந்திருக்கும்! (நம் வீட்டு அலமாரிகளில் இவ்விரட்டிப்பு எத்துணையோ!) சுண்ணச்சத்து மிக ஏறியவர் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவர். தேவையெனில் ஸ்டீராய்டும், எலும்பிலிருந்து சுண்ணம் கரையாமல் தடுக்கும் மருந்தும் தருவர். கொழுப்பில் தங்கியது வெளியேறப் பல வாரங்கள், சிலர்க்குத் திங்கள்கள் ஆகும். அதுவரை குருதியை மீண்டும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

நம் பெரியவர்க்கு ஐந்தாம் திங்களில்தான் அளவு இயல்புக்கு வந்தது. இதோ, முன்வரிசையில் பேரனுடன் அமர்ந்திருக்கிறார். இக்கதையை இங்குக் கூற இசைவு தந்தவரும் அவரே.