நம் பள்ளித் தோட்டத்துக்கு எந்தச் செடி?
(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பள்ளித் தோட்டத்துக்காக இணையத்தில் லாவண்டர் விதை வாங்கினேன். பொட்டலத்தில் 'மண்டலம் 5 முதல் 9 வரை' என்று அச்சிட்டிருந்தது. "கடும் பனியையே தாங்கும் செடி" என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். கார்த்திகையில் முளைத்தது, தண்ணீர் ஊற்றியும் சித்திரையில் கருகிவிட்டது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "பனியிலயே சாகாத செடி நம்ம வெயில்ல ஏன் சார் செத்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். அந்த எண்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடத்தில் உள்ளவை. ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியைக் கொண்டு இடங்களை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 5-ஆம் மண்டலத்தில் அது மைனஸ் 29 முதல் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை. குளிர்காலத்தில் செடி பிழைக்குமா என்ற ஒரே கேள்விக்குத்தான் அந்த வரைபடம் பதில் சொல்கிறது. கோடை, மழை, மண் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உறைபனி விழும் உதகைக்கு அந்தக் கேள்வி பொருந்தும். நம் சமவெளியில் செடியைக் கொல்வது குளிர் அல்லவே!

அப்படியானால் எது? பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கெடுத்தேன். முந்தைய ஆண்டு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் நாங்கள் நட்ட 20 கன்றுகளில் 4 மட்டுமே இருந்தன. தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரியில் ஜூன் நடவு சரி. எங்கள் பகுதியில் பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். அதுவரை தாக்குப்பிடித்த கன்றும் மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளின்றிக் காய்ந்துவிடும். தவறு கன்றில் இல்லை. நாள் குறித்த என்னிடம்தான்.

தமிழகத்தை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, அதிக மழை, மலை. நாங்கள் தெற்கு மண்டலம். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் மூன்று கேள்விகளோடு ஊரைச் சுற்றினார்கள். மழை எப்போது வருகிறது? மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கிறது? யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்வது எது? வேம்பு, புங்கை, பூவரசு, நொச்சி, ஆவாரை என்று பட்டியல் வந்தது.

இப்போதும் ஜூன் 5 கொண்டாடுகிறோம், ஆனால் நடுவதில்லை. பள்ளி திறந்ததும் வேப்பம்பழம் உதிரும் காலம். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால், பொறுக்கிய சூட்டோடு பைகளில் ஊன்றுகிறோம். அக்டோபர் மழையில் நடுகிறோம். கோடைக்குள் வேர் இறங்க ஆறு மாதம் கிடைக்கிறது. சென்ற அக்டோபரில் நட்ட 15 கன்றுகளில் 11, இந்த ஜூனில் பள்ளி திறந்தபோது துளிர்த்து நின்றன.

அடுத்த முறை கன்று வாங்கப் புறப்படும் முன், உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை ஊரைச் சுற்றி வாருங்கள். வெப்பநிலைப் பாடமும் அங்கேயே முடிந்துவிடும்.