மணல் வடிகட்டியும் தெருக் கானும்

ஊரிலே கிணறு கலங்கினால் இறைத்துவிடுவோம். அஜக்ஸில் வீட்டோடு வந்த நீச்சல் தடாகத்துக்கு அந்த வைத்தியம் சரிவராது. மணல் வடிகட்டியைத்தான் கழுவவேண்டும். அதுவும் அமுக்கமானி வழமையைவிட 8 முதல் 10 இறாத்தல் கூடக் காட்டினால் மட்டும். நான் வெள்ளிதோறும் கழுவினேன். கணக்காளன் வீட்டிலேயே தண்ணீர்க் கட்டணம் ஏறியதுதான் மிச்சம்! சற்று அழுக்கேறிய மணல்தான் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும்.

மோட்டாரை நிறுத்தாமல் வால்வைத் திருப்பாதீர்கள், கஸ்கெட் பிய்ந்துவிடும். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம், எதிர்த்திசையில் ஓடவிடுங்கள்.

முதல் வருடம் அந்தத் தண்ணீரைத் தெருக் கானுக்குள் விட்டேன். பக்கத்து வீட்டு அண்ணர் ஓடிவந்தார். "தம்பி, இந்தக் கான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போறேல்லை. நேரே டஃபின்ஸ் ஓடைக்குப் போய் ஒன்ராறியோ ஏரியிலை விழும். குளோரின் மீனுக்கு நஞ்சு. நாங்கள் குடிக்கிறதும் அந்த ஏரித் தண்ணிதான்!"

இப்போது குழாயை என் புல்வெளியில்தான் விடுகிறேன். உப்புத் தடாகக்காரர் நகரசபையைக் கேட்டுச் செய்யுங்கள்.