விரலுக்குத் தெரியும் இறுக்கம்



போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும் முன் நல்ல டிரைவர் பானட்டைத் தூக்கி, இன்ஜினின் முகப்பில் இருக்கும் ரப்பர் பெல்ட்டைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். சின்ன வேலைதான். ஆனாலும் அதை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

பழைய ஃபோர் வீல் ஜீப்பில் இந்த ஃபேன் பெல்ட்டை நம்பி ஃபேனும், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் இருக்கின்றன. பிந்திய வண்டிகளில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். சமவெளியில் ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்க உதவும். மலையில் லோ கியரில், ஆள் நடக்கும் வேகத்தில் முனகி ஏறும் ஜீப்புக்கு அந்தக் காற்று ஏது? ஃபேன் இழுத்துத் தருவதுதான். பெல்ட் வழுக்கினால் மேடு ஏறி முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடலாம்.

இறக்கத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. சில டீசல் வண்டிகளில், பிரேக் மிதியை இலகுவாக்கும் வேக்குவம் பம்ப்பும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுற்றுகிறது. அந்த வண்டியில் பெல்ட் அறுந்தால், சில மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பிரேக் இருக்கும், மிதிக்கக் கால் வலு போதாது.

பழைய அரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு, பட்பட்டென்று அடித்துக்கொண்டு ஓடும் நீளமான தட்டை பெல்ட் நினைவிருக்கும். ஜீப்பில் இருப்பது வேறு ரகம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகலம், கீழே குறுகல். 1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரையும் நூலையும் சேர்த்து உருவாக்கிய வடிவம் இது. ஆப்பு மாதிரி புல்லியின் பள்ளத்தில் இறங்கி இரண்டு பக்கச் சுவரையும் கவ்வும். அதன் அடிப்பக்கம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தேய்ந்த பெல்ட் தரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். பள்ளத்தின் அடி கண்ணாடி போல் பளபளத்தால் புது பெல்ட் வாங்க வேண்டியதுதான்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பெல்ட்டை விரலால் முறுக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்போ, நூல் பிரிந்த ஓரமோ, எண்ணெய் ஊறி உப்பிய இடமோ தெரிந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால், இரண்டு புல்லிகளுக்கு இடையே நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலத்துக்குள், உள்வாங்கினால் பெரும்பாலான பழைய ஜீப்புகளுக்குச் சரி. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதன்படியே வையுங்கள்.

லூஸாக இருந்தால் டைனமோவின் கீழ் போல்ட்டுகளையும், மேலே வளைந்த பட்டையில் இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்தபடி மேல் போல்ட்டை முதலில் இறுக்க வேண்டும். ஆல்டர்னேட்டராக இருந்தால் புல்லிப் பக்கத்துத் தடித்த பாகத்தில்தான் நெம்புகம்பியைக் கொடுக்கலாம். பின்பக்கத்து மெல்லிய உறையில் கொடுத்தால் விரிசல் விழும்.

கைத்தேர்ச்சி வெளிப்படும் இடம் இதுதான். பழகாத கை, இறுக்கம் கூடக்கூட நல்லது என்று நினைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம் வந்தால் இன்னும் நெம்பும். சத்தம் நிற்கும். ஆனால் நாளடைவில் பம்ப்பின் பேரிங் தேய்ந்து, அதன் அடித்துளை வழியாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கும். சோப்பைத் தேய்த்துச் சத்தத்தை அடக்குகிறவர்கள், வண்டி தங்களிடம் சொல்ல வந்ததையே கேட்க மறுக்கிறார்கள். தவிலுக்கு வார் பிடிக்கிறவர் தோல் பேசும் இடத்தில் கையை நிறுத்துவார். பெல்ட்டுக்கும் அப்படி நிறுத்தத் தெரிய வேண்டும்.

இழுவிசையை அளக்கக் கருவி உண்டு. பிந்தைய கார்களில் தானே இறுக்கிக்கொள்ளும் அமைப்பும் வந்துவிட்டது. பழைய ஜீப்பில் பொறுப்பு முழுவதும் கையில் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர், சரியாக வைத்து முடித்த பெல்ட்டை வேலை பழகும் பையனை அழுத்தச் சொல்வார். “இந்த இறுக்கத்தை ஞாபகம் வச்சுக்கடா தம்பி” என்பார். அந்தப் பழக்கம் உள்ள விரலை நான் நம்புவேன். அது இல்லாதவர் ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பதே நல்லது.

புது பெல்ட் முதல் சில நாள் ஓட்டத்திலேயே கொஞ்சம் தளரும். மறக்காமல் திரும்பப் பார்க்க வேண்டும். ஜோடி பெல்ட் ஓடும் இன்ஜினில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் அண்ணன் தம்பிமாரே, சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று பெல்ட்டும் அதற்கான ஸ்பேனர்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். அங்கேயே ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள்.