சுழல்தட்டும் நுண்துளியும்
(உரையின் எழுத்து வடிவம்)

பூந்திக் கரண்டியின் துளைகள் ஒரே அளவினவாக இருந்தால்தான் பூந்தியும் ஒரே அளவாக விழும். மாவின் பதமும் எண்ணெயின் சூடும் அதற்குத் துணை நிற்க வேண்டும். உண்ணும் பண்டத்தில் சில மணிகள் பெருத்தும் சில சிறுத்தும் இருப்பதால் கேடு ஏதும் இல்லை. உடலில் செலுத்தப்படும் மருந்து மணியின் நிலை வேறு. விட்டம் 10 விழுக்காடு கூடினால் கன அளவு 33 விழுக்காடு கூடிவிடுகிறது. விட்டம் இரு மடங்கானால் மணிக்குள் அடங்கும் மருந்து எட்டு மடங்காகிறது. சிறிய மணி விரைவில் கரையும்; பெரிய மணி தாமதிக்கும். ஆகவே நுண்துகள் தொழிலில் அளவின் சீர்மை என்பது அழகைப் பற்றியதன்று, நோயாளியின் பாதுகாப்பைப் பற்றியது.

இத்தகைய துகள்களின் பயன் பல வகைப்பட்டது. 1980-இல் லிம், சன் என்னும் இரு ஆய்வாளர்கள், இன்சுலின் சுரக்கும் திசுக்களை ஆல்ஜினேட் உறைக்குள் பொதிந்து நீரிழிவு கண்ட எலிகளில் வைத்துக் காட்டினர். புராஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடு மருந்து, மாதம் ஒரு முறை போடும் நுண்மணி ஊசியாக 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நாள்தோறும் ஊசி போட வேண்டிய நிலையை அது மாற்றியது.

விசையின் கணக்கு

இரு திரவங்களைக் கலக்கிக் குழம்பாக்கித் துளிகள் செய்வது பழைய முறை. அதில் துளிகள் பல அளவுகளில் அமையும். சலித்துக் கழிப்பதில் விலையுயர்ந்த மருந்து வீணாகும். நுண்குழாய்களின் வழியே பம்புகளால் திரவங்களைச் செலுத்துவது பிந்தைய முறை. அதில் சீர்மை உண்டு; ஆனால் திரவத்திற்கு ஒரு பம்பு, இணைப்புக் குழாய்கள், தேர்ந்த பணியாளர் என்று செலவு பெருகும்.

சுழல்தட்டு இப்பம்புகளின் இடத்தில் ஒரே ஒரு மோட்டாரை அமர்த்துகிறது. அடிப்படைத் தத்துவம் புதியதன்று. ஸ்வீடன் நாட்டின் டி லாவல் 1878-இல் அமைத்த பாலாடை பிரிக்கும் எந்திரமும் மையவிலக்கு விசையால் இயங்கியதே. 1969-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் நார்மன் ஆண்டர்சன், சுழலும் வட்டிலில் பல மாதிரிகளை ஒருங்கே சோதிக்கும் முறையை வெளியிட்டார். குறுந்தட்டு அளவிலான பிளாஸ்டிக் தட்டில் நுண்வழிகளைச் செதுக்குவது அதன் தொடர்ச்சி எனலாம். மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில், நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில், புவியீர்ப்பைப் போல் சுமார் 500 மடங்கு விசை திரவத்தை வெளிப்புறம் தள்ளுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இரு வழிகள்

துளி உண்டாக்குவதில் இரு வழிகள் உள்ளன. முதலாவதில், ஆல்ஜினேட் கரைசல் நுண்முனையிலிருந்து சொட்டிக் கால்சியம் குளோரைடு கரைசலில் விழுந்து இறுகி மணியாகிறது. துளியை முனையோடு பிடித்து வைப்பது பரப்பு இழுவிசை; பிடுங்கி எறிவது மையவிலக்கு விசை. விசை நான்கு மடங்கானால் துளியின் கன அளவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். எனவே வேகத்தை மாற்றி அளவை மாற்றலாம். அதே காரணத்தால், வேகம் தடுமாறினால் அளவும் தடுமாறும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் இம்முறையில் உயிருள்ள செல்களையே மணிகளுக்குள் பொதிந்தனர். டோக்கியோ ஆய்வாளர்கள் 2012-இல் சிறிய மேசை மையவிலக்கியைக் கொண்டு, ஒரே மணிக்குள் பல அறைகள் அமைந்த துகள்களை உண்டாக்கினர்.

இரண்டாவது வழி படிமுறைத் துளியாக்கம். ஆழம் குறைந்த நுண்வழி திடீரென ஆழமான எண்ணெய்க் குழிக்குள் திறக்கிறது; அந்தப் படியில் திரவம் தானே அறுந்து துளியாகிறது. ஒரு வரம்புக்கு உட்பட்ட வேகம் வரை, துளியின் அளவைப் பெரிதும் நிர்ணயிப்பது நுண்வழியின் ஆழமே. மின்னழுத்தம் ஏறி இறங்கும் சிற்றூர் மருத்துவ நிலையத்திற்கு இது ஏற்ற பண்பு.

2015-இல் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் இவ்வழியில் நோய்க்கிருமியின் மரபணுவை எண்ணும் சோதனையைத் தட்டின்மீதே நடத்திக் காட்டினர். 100 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாகப் பிரித்தால், 20 மைக்ரோலிட்டர் மாதிரியிலிருந்து சுமார் 38,000 துளிகள் கிடைக்கும். மரபணு உள்ள துளி ஒளிரும், இல்லாதது இருண்டிருக்கும். ஒளிரும் துளிகளின் விகிதத்திலிருந்து கிருமியின் அளவு கணக்கிடப்படுகிறது.

செலவு எங்கே விழுகிறது?

மோட்டார் மலிவானது; ஆகவே கருவியின் விலை குறையும். ஆயினும் தட்டு ஒரு முறை பயன்பட்டதும் கழிக்கப்படுவது. துளிகள் ஒன்றோடொன்று கலவாமல் காக்கும் புளோரின் எண்ணெயும் பரப்புச் செயலியும் ஒவ்வொரு சோதனைக்கும் தேவை. முதலீட்டுச் செலவு சுருங்கித் தொடர்செலவு விரியும் பொருள் இது. கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு ஒப்பந்தப்புள்ளியை முடிவு செய்யும் அலுவலகம், இரண்டாம் ஆண்டில் தட்டு வாங்கப் பணமின்றிக் கருவியை மூடி வைக்க நேரிடும். ஒப்பிட வேண்டியது ஒரு சோதனைக்கான முழுச் செலவை.

மூலப்பொருளிலும் இதே பாடம் உண்டு. மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கப்படும் சார்காசம், டர்பினேரியா ஆகிய பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கப்படுகிறது. ஆனால் துணித் தொழிலுக்கு ஏற்ற ஆல்ஜினேட் மருந்துக்கு ஏற்றதாகாது. உடலில் அழற்சி விளைவிக்கும் மாசுகளை அகற்றித் தரச்சான்று பெறுவதில்தான் மதிப்பு கூடுகிறது. அந்தப் படியை ஏறாத நாடு பாசியை விற்று மணியை வாங்க வேண்டியிருக்கும்.

களத்திற்குச் செல்லும் தகுதி சுழற்சி முறைக்கு உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. துளி செய்யாத, ஆயினும் இதே விசையால் கையினால் சுழற்றி இயக்கும் கருவி ஒன்றைத் தென்கொரிய ஆய்வாளர்கள் திருச்சிராப்பள்ளியில், சிறுநீர்ப் பாதைத் தொற்று இருக்கலாம் என ஐயுற்ற 39 நோயாளிகளின் மாதிரிகளில் சோதித்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். மின்சாரம் அதற்குத் தேவைப்படவில்லை.

துளிக் கருவிகள் அந்நிலையை எட்ட மூன்று பணிகள் தேவை: மைக்ரான் நுட்பத்தில் அச்சு வார்க்கும் பட்டறைகள், துளியின் அளவைச் சரிபார்க்கும் அளவைக்கூடங்கள், மருத்துவக் கருவி விதிகள், 2017-க்கு இணங்கச் சோதிக்கும் ஏற்பாடு. இவை மூன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறாதவை. வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை.